டைமர் இல்லாமல் இரண்டு வேக நீச்சல்குள பம்புக்கு ஒயரிங் செய்வது எப்படி

இரண்டு வேக பம்பு வாங்கினால் கூடவே இரண்டு வேக டைமரும் வாங்கியே தீர வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவசியமே இல்லை. டைமர் என்பது கடிகாரம் மாட்டிய சுவிட்ச், அவ்வளவுதான். கையால் தட்டும் சரியான சுவிட்ச் ஒன்று இருந்தால் அதே வேலை நடக்கும். ஆனால் ‘சரியான’ என்ற இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். வீட்டில் கிடக்கும் விளக்குச் சுவிட்சை மாட்டி, இரண்டே மாதத்தில் மோட்டாரின் வைண்டிங்கை (உள்ளே சுற்றிய செம்புச் சுருளை) கருக்கியவர்கள் உண்டு.

இங்கே சொல்வது 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இரண்டு ஹாட் ஒயர் (மின்சாரம் உள்ள லைன்) வரும் அமெரிக்க இணைப்பை வைத்து. இந்த மோட்டார்கள் அதிகம் புழங்குவது அங்கேதான். அங்கும் 2021 ஜூலை 19 முதல் எரிசக்தித் துறையின் திறன் விதி அமலில் இருப்பதால் பெரிய பம்புகளில் புதிதாக வருபவை பெரும்பாலும் மாறுவேக ரகம். ஆகவே உங்கள் கையில் இருப்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பம்பாகவோ, சின்ன பம்பாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் செய்கிறவர்களுக்கான மாற்றத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தண்ணீர்ப் பக்கத்து மின்வேலை இது. பெர்மிட்டோ, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனோ தேவைப்படும் இடங்களில் அதைத் தவிர்க்காதீர்கள். நீங்களே செய்யாவிட்டாலும் கீழே உள்ளதைப் படித்து வைத்தால், செய்கிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரியும்.

மோட்டாருக்குள் நடப்பது

ஒரே ஸ்டேட்டரில் (மோட்டாரின் சுழலாத பாகத்தில்) இரண்டு துருவ வைண்டிங், நான்கு துருவ வைண்டிங் என இரண்டு இருக்கும். முதலாவது நிமிடத்துக்குச் சுமார் 3,450 சுற்று தரும், அது ஹை. இரண்டாவது 1,725; அது லோ. இரண்டுக்கும் பொதுவாக ஒரு முனை உண்டு. ஆக வெளியே தெரிவது காமன், ஹை, லோ என மூன்று முனை, கூடவே பச்சை ஸ்குருவில் எர்த்.

ஹை முனைக்கும் லோ முனைக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகவே கூடாது. போனால் இரண்டு காந்தப்புலங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். மோட்டார் உறுமும், கரண்ட் எகிறும், மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு சுவிட்ச் விழுவதற்குள் இன்சுலேஷன் பொசுங்கிவிடலாம். இந்த வேலையில் மற்ற எல்லா ஏற்பாடும் இந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான்.

இன்னொரு சங்கதி அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. மோட்டார் ஹையில் ஓடும்போது சும்மா இருக்கும் லோ முனையை மீட்டரால் தொட்டுப் பாருங்கள், வோல்டேஜ் காட்டும். இரண்டு வைண்டிங்கும் ஒரே இரும்பில் சுற்றப்பட்டிருப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் போல ஒன்று மற்றொன்றில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடுகிறது. அதனால் ஓடும் மோட்டாரில் ‘இணைக்காத’ முனை என்று எதையும் விரலால் தொடக் கூடாது. அந்த முனையிலிருந்து காட்டி விளக்கு, ரிலே, குளோரினேட்டர் (உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி) எதற்கும் கரண்ட் எடுக்கவும் கூடாது. எடுத்தால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் விளக்கு எரியும், ரிலே படபடக்கும்.

லோ வேகம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதற்குக் கணக்கு எளிது. வேகம் பாதியானால் நீரோட்டம் பாதி, அழுத்தம் கால்வாசி, இம்பெல்லருக்கு (தண்ணீரைத் தள்ளும் சக்கரத்துக்கு) வேண்டிய திறன் எட்டில் ஒரு பங்கு. மோட்டார் லோவில் அவ்வளவு சிக்கனமாக ஓடாது என்பதால் மீட்டரில் எட்டில் ஒன்று தெரியாது. நாலில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை எதிர்பார்க்கலாம். 60,000 லிட்டர் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹையில் நிமிடத்துக்கு 240 லிட்டர், 1,500 வாட் என்றால் ஒரு முழுச் சுழற்சிக்கு 4 மணி 10 நிமிடம், 6.25 யூனிட். லோவில் 120 லிட்டர், 350 வாட் என்றால் 8 மணி 20 நிமிடம், 2.9 யூனிட். இரண்டு மடங்கு நேரம் ஓடியும் செலவு பாதிக்கும் கீழே.

முதலில் பெயர்ப்பலகை

கடையில் நிற்பதற்கு முன் மோட்டாரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை: வோல்டேஜ், ஹெர்ட்ஸ், ஹை/லோ ஆம்ப், இணைப்புப் படம். ஆம்பை ‘10.0/2.9’ என்பது போல இரட்டையாகப் போட்டிருப்பார்கள். குளப் பம்பு மோட்டார்கள் பெரும்பாலும் சர்வீஸ் ஃபேக்டர் (தகட்டுத் திறனுக்கு மேல் தாங்கும் கூடுதல்) எல்லை வரை வேலை வாங்கப்படுபவை. ஆகவே சர்வீஸ் ஃபேக்டர் ஆம்ப் அல்லது அதிகபட்ச ஆம்ப் என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைத்தான் ஒயருக்கும் சுவிட்சுக்கும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முனைகளின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி, வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு மோட்டாரில் எண், இன்னொன்றில் எழுத்து, மூன்றாவதில் தொங்கும் சிவப்பு ஒயர். இணையத்தில் யாரோ போட்ட படத்தை நம்பி இணைக்க வேண்டாம். உங்கள் தகட்டில் உள்ள படம் மட்டுமே செல்லும். தகடு தேய்ந்திருந்தால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் படத்தைத் தேடுங்கள். ஓம் மீட்டரால் முனைகளைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டுதான்: மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்து, ரெசிஸ்டன்ஸ் மிக அதிகமாக வரும் ஜோடியை விட்டால் மீந்து நிற்பது காமன் என்பார்கள். ஆனால் மோட்டார் நிற்கும்போது சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (மோட்டார் வேகம் பிடித்ததும் தானாகத் திறக்கும் உள்சுவிட்ச்) மூடியிருப்பதால், கிளம்ப மட்டும் உதவும் ஸ்டார்ட் வைண்டிங்கும் கணக்கில் புகுந்து அளவைக் குழப்பும். சரிபார்க்க உதவும், அதை மட்டும் நம்பி மின்சாரம் கொடுக்கக் கூடாது.

மோட்டாரின் பின்மூடியிலேயே ஹை–லோ டாகிள் இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். இரண்டு லைன், ஒரு எர்த், இரண்டு லைனையும் சேர்த்து அறுக்கும் ஒரு டபுள் போல் சுவிட்ச், முடிந்தது. வேகத்தை மோட்டாரிலேயே மாற்றிக்கொள்ளலாம். மீதியைப் படிக்க வேண்டியவர்கள் மூன்று முனை வெளியே வரும் மோட்டார் வைத்திருப்பவர்கள்.

எந்தச் சுவிட்ச்

இரண்டு சுவிட்ச் தேவை. ஒன்று, இரண்டு ஹாட் ஒயரையும் சேர்த்து அறுக்கும் டபுள் போல் டிஸ்கனெக்ட். மோட்டார் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படும் இடத்திலும், குளத்தின் உள்சுவரிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளியும் இருக்க வேண்டும். பூட்டு மாட்டக்கூடியதாக இருந்தால் நல்லது.

இரண்டாவதுதான் வேகச் சுவிட்ச்: எஸ்பிடிடி (ஒரு லைனை இரண்டு பக்கத்தில் ஒன்றுக்கு மட்டும் கொடுக்கும் ரகம்), சென்டர் ஆஃப். மேலே தள்ளினால் ஹை, நடுவில் ஆஃப், கீழே தள்ளினால் லோ. தள்ளிய இடத்தில் நிற்க வேண்டும். கையை எடுத்ததும் நடுவுக்குத் துள்ளி வரும் ஸ்பிரிங் ரகமும் அதே பெயரில் விற்கிறது, கவனித்து வாங்குங்கள். 20 ஆம்ப், 240 வோல்ட் ஏசி, மேலே குதிரைத்திறன் அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். 2 குதிரைத்திறன் வரையிலான மோட்டாரைச் சாதாரண ஏசி ஸ்னாப் சுவிட்சால் இயக்கலாம் என்று அமெரிக்க மின்விதி அனுமதித்தாலும், மோட்டாரின் ஆம்ப் சுவிட்ச் ரேட்டிங்கில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 20 ஆம்ப் சுவிட்சுக்கு உச்சவரம்பு 16 ஆம்ப்.

மாடிப்படி விளக்குக்குப் போடும் இருவழிச் சுவிட்ச் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். அதுவும் ஒரு பக்கத்தை விட்டுத்தான் மறுபக்கத்தைப் பிடிக்கும், இரண்டையும் சேர்த்துத் தராது. சிக்கல் நடுவில் ஆஃப் இல்லாததுதான். 3,450 சுற்றில் ஓடும் ரோட்டாரை ஒரே தட்டில் நான்கு துருவ வைண்டிங்கோடு கோத்துவிட்டால் அந்த வைண்டிங் பிரேக் போடத் தொடங்கும். அந்த நொடியில் கரண்ட் பாய்ந்து, சுவிட்சின் காண்டாக்டில் பொறி அடிக்கும், ஷாஃப்டுக்கும் இம்பெல்லர் மரைக்கும் உதை விழும். நடு ஆஃபில் ஐந்து நொடி நிறுத்திவிட்டு லோவுக்குப் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டு தனித்தனி சிங்கிள் போல் சுவிட்ச் வைத்து, ஒன்று ஹைக்கு, ஒன்று லோவுக்கு என்று செய்பவர்களும் இருக்கிறார்கள். இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு அது. ஒருநாள் யாராவது இரண்டையும் போடுவார்கள்.

மற்ற சாமான்கள்

20 ஆம்ப் டபுள் போல் ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் அறுக்கும்) பிரேக்கர் ஒன்று. மூடி போட்ட, மழை புகாத பெட்டி ஒன்று. 12 கேஜ் டிஎச்டபிள்யூஎன் (ஈரம் தாங்கும் இன்சுலேஷன்) செம்பு ஒயர்: பேனலிலிருந்து சுவிட்ச் வரை இரண்டு ஹாட்டும் ஒரு எர்த்தும், சுவிட்சிலிருந்து மோட்டார் வரை மூன்று ஹாட்டும் ஒரு எர்த்தும். எர்த் ஒயர் இன்சுலேஷன் உள்ளதாகவும் 12 கேஜைவிட மெல்லியதாக இல்லாமலும் இருக்க வேண்டும். மோட்டாருக்கு முன் கடைசி இரண்டு மூன்று அடிக்கு அரை அங்குல லிக்விட்–டைட் ஃபிளெக்ஸிபிள் கண்டூட் (நீர் புகாத, வளையும் ஒயர்க்குழாய்), இரு முனைக்கும் கனெக்டர். மோட்டார் முனை தட்டு ரகமாக இருந்தால் கால் அங்குல பெண் ஸ்பேடு கிரிம்ப்புகள் (தட்டில் செருகும் ஒயர் முனைகள்). பாண்டிங்குக்கு (உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு) 8 கேஜ் ஒற்றைக் கம்பி வெறும் செம்பு.

ஒயர் கனம் போதுமா என்று ஒரு கணக்கு. மோட்டார் 10 ஆம்ப் என்றால் 125 சதவீதத்துக்கு 12.5 ஆம்ப், 20 ஆம்ப் சுற்றில் 12 கேஜ் தாராளமாகத் தாங்கும். தூரம்? 12 கேஜின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 5.2 ஓம். பேனல் 30 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 60 மீட்டர், 10 ஆம்பில் 3.1 வோல்ட் இழப்பு. 230க்கு அது 1.3 சதவீதம். 60 மீட்டர் தள்ளி இருந்தால் 2.7. மூன்று சதவீதத்தைத் தொட்டால் இன்னும் தடித்த 10 கேஜுக்கு ஏறுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் கிளம்பும்போது திணறும்.

நிறத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். காமனுக்குக் கறுப்பு, ஹைக்குச் சிவப்பு, லோவுக்கு நீலம் என்று வைத்துக்கொண்டால் இரு முனையிலும் குழப்பம் வராது. பச்சை எர்த்துக்கு மட்டும். பழைய ஒற்றை வேகப் பம்பைக் கழற்றிய இடத்தில் கண்டூட்டுக்குள் இரண்டு ஹாட்டும் ஒரு பச்சையும்தான் இருக்கும். நாலாவது ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டுப் பச்சையையே லோ லைனாக ஆக்கிய இணைப்புகள் நிஜமாகவே இருக்கின்றன. அப்படிச் செய்தால் மோட்டார் உடலுக்கு எர்த் கிடையாது. கண்டூட்டில் இடம் இருக்கிறது, ஒயரை இழுங்கள்.

இணைப்பு

1. பேனலில் பிரேக்கரை ஆஃப் செய்து பூட்டுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் சோதித்து, பிறகு மோட்டார் முனைகளில் ஹாட்டுக்கு ஹாட், ஒவ்வொரு ஹாட்டுக்கும் எர்த் என்று பாருங்கள். பிறகு டெஸ்டரை மறுபடி அதே பழைய இடத்தில் சோதியுங்கள். மோட்டாரின் பின்மூடியைத் திறந்ததும் கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் நடுவே 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில நொடி பிடித்து, மீட்டரில் சுழியம் வருகிறதா என்று பாருங்கள். ஸ்குரு டிரைவரால் ஷார்ட் அடிப்பது கெப்பாசிட்டரைக் கெடுக்கும்.

2. ஜிஎஃப்சிஐ பிரேக்கரின் வெள்ளை வாலை நியூட்ரல் பாரில் முறுக்குங்கள். மோட்டாருக்கு நியூட்ரலே போகாதே என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிரேக்கருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்ய அது வேண்டும். இரண்டு ஹாட்டும் இதே பிரேக்கரிலிருந்து கிளம்ப வேண்டும். காமன் ஒரு பிரேக்கரிலும் வேக லைன் வேறொன்றிலும் வந்தால் போட்ட கணத்தில் ட்ரிப் ஆகும்.

3. இரண்டு ஹாட்டையும் டிஸ்கனெக்டின் லைன் பக்கத்தில் (மின்சாரம் வரும் பக்கம்) மாட்டுங்கள். லோடு பக்கத்திலிருந்து (மோட்டாருக்குப் போகும் பக்கம்) முதல் ஹாட், வேகச் சுவிட்சின் நடு முனைக்கு. இரண்டாவது ஹாட் சுவிட்சைத் தொடாமல் நேரே மோட்டாரின் காமனுக்கு.

4. வேகச் சுவிட்சின் ஒரு ஓர முனையிலிருந்து சிவப்பு ஒயர் மோட்டாரின் ஹைக்கு. மறு ஓரத்திலிருந்து நீல ஒயர் லோவுக்கு. டாகிள் சுவிட்சில் பிடியை மேலே தள்ளினால் பெரும்பாலும் கீழ் முனைதான் இணையும் என்பதால், எது ஹை என்று கண்ணால் ஊகிக்காமல் மீட்டரின் பீப் ஒலியால் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பச்சையைப் பெட்டிக்கும், டிஸ்கனெக்டுக்கும், மோட்டாரின் உள்ளே இருக்கும் பச்சை ஸ்குருவுக்கும் தொடர்ச்சியாகக் கொண்டு போங்கள். பாண்டிங் வேறு சமாசாரம்: மோட்டார் உடலின் வெளிப்பக்கம் ஒரு செம்பு லக் இருக்கும், குளத்தின் பாண்டிங் வலையிலிருந்து வரும் 8 கேஜ் கம்பி அதில் போக வேண்டும். எர்த், பழுது வந்தால் பிரேக்கரை விழவைப்பதற்கு. பாண்டிங், குளத்தைச் சுற்றியுள்ள உலோகம் எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்து, தண்ணீரில் நிற்பவர் ஏணியைத் தொட்டாலும் உடம்பில் கரண்ட் பாயாமல் தடுப்பதற்கு. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. மோட்டார் மாற்றும்போது இந்தக் கம்பியைத் தொங்கவிட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

6. ஒவ்வொரு ஸ்பேடையும் இழுத்துப் பாருங்கள். தளர்ந்த ஸ்பேடு முதலில் சூடாகும், பிறகு பழுப்பாகும், பிறகு முனைப் பலகையின் பிளாஸ்டிக்கை உருக்கும். பின்மூடியை மாட்டும் முன் ஒயர்கள் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் நகரும் பாகத்தில் உரசவில்லை என்று ஷாஃப்டைக் கையால் சுற்றி உறுதி செய்யுங்கள்.

115 வோல்ட் மோட்டார் என்றால் நியூட்ரல் காமனுக்கு, ஒரே ஹாட் வேகச் சுவிட்சின் நடு முனைக்கு, மற்றதெல்லாம் அதேதான். 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் நாடுகளிலும் அதே வரிசை: நியூட்ரல் காமனுக்கு, ஃபேஸ் சுவிட்சுக்கு, இரண்டையும் அறுக்கும் டபுள் போல் மெயின் சுவிட்ச் முன்னால், லீக்கேஜ் பிரேக்கர் அதற்கும் முன்னால். ஆனால் 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று போட்ட மோட்டாரை அங்கே கொண்டுவந்து மாட்டாதீர்கள். வேகம் ஆறில் ஐந்தாகக் குறைவதோடு, அதே வோல்டேஜில் இரும்புக்கோர் நிறைவுற்று, காந்தமாக்கும் கரண்ட் ஏறி, சும்மா ஓடினாலே மோட்டார் கொதிக்கும்.

குளோரினேட்டரை எங்கே மாட்டுவது

டைமரை எடுத்துவிடுகிறவர்கள் யோசிக்க மறப்பது இதைத்தான். உப்பு குளோரினேட்டர் வழக்கமாக டைமரின் லோடு பக்கத்திலிருந்து கரண்ட் எடுக்கும்; பம்பு நின்றால் அதுவும் நிற்கும். டைமர் போய்விட்டால் அந்த ஒயரை எங்கே கொடுப்பது?

டிஸ்கனெக்டின் லோடு பக்கத்தில் கொடுத்தால், வேகச் சுவிட்ச் நடுவில் ஆஃபில் இருக்கும்போதும் குளோரினேட்டரின் செல்லுக்கு (குளோரின் உண்டாக்கும் பாகத்துக்கு) மின்சாரம் இருக்கும். ஓடாத தண்ணீரில் செல் வேலை செய்தால் ஹைட்ரஜன் சேரும். அடைத்த குழாயில் சேர்ந்த ஹைட்ரஜன் ஃபில்டரையே வெடிக்க வைக்கும் அளவுக்கு ஆபத்து. தண்ணீர் ஓடாவிட்டால் அறுக்கும் ஃப்ளோ சுவிட்ச் தடுக்கும்தான், ஆனால் உப்புப் படிந்து ஒட்டிக்கொள்கிற ஃப்ளோ சுவிட்சை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. ஹை ஒயரிலிருந்து எடுத்தால் லோவில் தூண்டப்பட்ட அரைகுறை வோல்டேஜ் போகும். மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் வேலை.

தீர்வு, எஸ்பிடிடிக்குப் பதில் டிபிடிடி (ஒரே பிடியில் இயங்கும் இரண்டு எஸ்பிடிடி; ஒவ்வொன்றும் ஒரு ‘போல்’) சென்டர் ஆஃப் சுவிட்ச். முதல் போல், ஏற்கெனவே சொன்னபடி மோட்டாருக்கு. இரண்டாவது போலின் நடு முனைக்கும் அதே முதல் ஹாட்டிலிருந்து ஒரு கிளை கொடுங்கள். அதன் இரண்டு ஓர முனைகளையும் ஒரு சின்ன ஜம்பரால் சேர்த்து, அங்கிருந்து குளோரினேட்டருக்கு. குளோரினேட்டரின் மறு லைன், காமனுக்குப் போகும் இரண்டாவது ஹாட்டிலிருந்து. இப்போது ஹை, லோ எதில் இருந்தாலும் குளோரினேட்டருக்கு முழு வோல்டேஜ், நடுவில் வந்தால் சுத்தமாக இல்லை. மோட்டார் வைண்டிங்கோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஜம்பர் இரண்டாவது போலில்தான் இருக்க வேண்டும். தவறி முதல் போலில் போட்டால் ஹையும் லோவும் ஒன்றாகிவிடும். முடிந்தால் இரண்டு போல்களையும் வெவ்வேறு நிற டேப்பால் குறியுங்கள்.

கிளீனருக்கு பூஸ்டர் பம்பு இருந்தால் அதை இந்தக் கிளையில் சேர்க்காதீர்கள். அதற்கு முதன்மைப் பம்பு ஓடுவது கட்டாயம், பல இடங்களில் ஹை வேகமே கட்டாயம், ஆம்பும் அதிகம். தனிச் சுற்று வேண்டும், முதன்மைப் பம்பு ஓடாவிட்டால் அதை ஓடவிடாத தனி இன்டர்லாக்கும் வேண்டும்.

மின்சாரம் கொடுக்கும் முன்னும் பின்னும்

டிஸ்கனெக்ட் ஆஃபிலேயே இருக்கட்டும். மோட்டார் பக்கத்து மூன்று ஒயரையும் முனையிலிருந்து கழற்றிவைத்து, சுவிட்சின் நடு முனைக்கும் சிவப்புக்கும், நடு முனைக்கும் நீலத்துக்கும் தொடர்ச்சி பாருங்கள். மேலே ஒன்று மட்டும், கீழே மற்றொன்று மட்டும், நடுவில் எதுவும் இல்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே எந்த நிலையிலும் பீப் வரக் கூடாது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. மோட்டாரின் விலையைக் காப்பாற்றும்.

வால்வுகளைத் திறந்து, ஸ்ட்ரெய்னர் தொட்டியில் (குப்பைக் கூடை உள்ள தொட்டியில்) தண்ணீர் நிரப்பி, ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு முதலில் ஹையில் போடுங்கள். தொட்டி மூடியின் வழியே குமிழி ஓய்ந்து கண்ணாடி போலத் தண்ணீர் தெரிந்தால் பிரைம் ஆகிவிட்டது, அதாவது காற்று போய்ப் பம்பில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கிளாம்ப் மீட்டரைக் காமன் ஒயரில் மாட்டி ஆம்ப் பாருங்கள். தகட்டு எண்ணைத் தாண்டக் கூடாது. நடுவுக்கு வந்து ஐந்து நொடி நின்று லோவில் போடுங்கள். சத்தம் சட்டென்று அடங்கும், ஆம்ப் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழும், ஃபில்டர் கேஜ் 16 பிஎஸ்ஐயிலிருந்து 4க்குப் பக்கம் இறங்கும். கேஜ் இறங்கியதைப் பார்த்துப் பம்பு பழுது என்று பயப்பட வேண்டாம். அழுத்தம் கால்வாசி ஆவதுதான் கணக்கு. ஃபில்டர் கழுவும் நேரத்தைக் கணிக்க இனி ஹையில் வைத்தே கேஜைப் படியுங்கள்.

சில மோட்டார்கள் லோவில் போட்டாலும் முதல் ஓரிரு நொடி ஹை வைண்டிங்கில் கிளம்பி, சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் திறந்ததும் லோவுக்கு இறங்கும். அது அவற்றின் சுபாவம்.

தகராறு செய்தால்

இரண்டு நிலையிலும் வெறுமனே உறுமி, கொஞ்ச நேரத்தில் ஓவர்லோடில் நின்றால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள்: 230 வோல்ட் மோட்டாருக்கு 115 மட்டும் போகிறதா? அது சரியென்றால் கெப்பாசிட்டர், அல்லது குப்பை சிக்கி இறுகிய இம்பெல்லர். கரண்டை நிறுத்திவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றினாலே எது என்று தெரிந்துவிடும்.

ஹையில் நன்றாக ஓடி லோவில் மட்டும் உறுமினாலோ, லோவில் போட்டும் ஹையிலேயே ஓடிக்கொண்டிருந்தாலோ சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் காண்டாக்ட்களைப் பாருங்கள். எறும்புக்கு இந்த இடம் ஏனோ ரொம்பப் பிடிக்கும். இரண்டு காண்டாக்ட்டுக்கு நடுவே நசுங்கிக் கருகிய எறும்புகள் ஒரு படலமாக ஒட்டியிருக்கும். காண்டாக்ட் பிரஷ்ஷாலோ கெட்டிக் காகிதத்தாலோ துடைத்தால் போதும், எமரித் தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். காண்டாக்ட் குழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பின்மூடியின் ஒயர் துளையைச் சரியான கனெக்டரால் மூடினால் மறுபடி வர மாட்டா.

வேகம் தலைகீழாக இருந்தால் சிவப்பையும் நீலத்தையும் சுவிட்ச் பக்கம் மாற்றிப்போடுங்கள். இரண்டு ஹாட்டை மாற்றிப்போட்டு மோட்டாரின் சுழற்சித் திசையை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் அது நடக்காது.

மழைக்குப் பிறகு மட்டும் ஜிஎஃப்சிஐ விழுந்தால் பிரேக்கரைக் குறை சொல்லி மாற்றாதீர்கள். மோட்டாரின் அடிப்பக்கம், ஷாஃப்ட் சீல், கண்டூட்டின் தாழ்வான வளைவு ஆகிய மூன்று இடங்களில் ஈரம் தேடுங்கள். ஓவர்லோடில் நின்ற மோட்டார் ஆறியதும் தானாகவே மறுபடி கிளம்பும் ரகம் என்பதையும் மறக்காமல், கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் டிஸ்கனெக்டைப் பூட்டுங்கள்.

டைமர் இல்லாத அன்றாட ஓட்டம்

லோவை நிரந்தர நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஹையில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பிரைம் பிடிக்க விட்டு, நடுவில் நிறுத்தி, லோவுக்கு வந்துவிடலாம். வாக்யூம் (குளத்தின் அடியை உறிஞ்சிச் சுத்தம் செய்வது), பேக்வாஷ் (ஃபில்டரைத் தலைகீழ் ஓட்டத்தில் கழுவுவது), மாடிச் சூரிய ஹீட்டர், ரசாயனம் கலக்குவது இவற்றுக்கு ஹை. கேஸ் ஹீட்டரின் பிரஷர் சுவிட்சும் குளோரினேட்டரின் ஃப்ளோ சுவிட்சும் சில குழாய் அமைப்பில் லோவில் திறந்தே இருக்கும். அப்படியானால் அவை வேண்டிய நேரத்துக்கும் ஹைதான் வழி. பிரஷர் சுவிட்சைத் திருகித் தாழ்த்தி லோவில் எரிய வைக்கும் குறுக்குவழி ஹீட் எக்ஸ்சேஞ்சரை வேகவைத்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் கைச்சுவிட்ச் விட்ட நிலையிலேயே நிற்கும். லோவில் இருந்தது என்றால் பம்பு லோவிலேயே கிளம்பும். பம்பு குளத்து நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, இடைவெளியில் உறிஞ்சுகுழாய்த் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தால் லோவால் அதை மேலே இழுக்க முடியாமல் போகலாம். வறண்டு ஓடினால் மெக்கானிக்கல் சீல் போகும். உறிஞ்சுகுழாயில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத ஒரு செக் வால்வு போட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். ஆள் இல்லாத வீட்டில் இந்த ஏற்பாட்டை நம்பி வாரக்கணக்கில் விட்டுப் போகாமல் இருப்பது நல்லது.

கலிஃபோர்னியாவில் பம்புக் கட்டுப்பாடு ஹையிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தானாக இயல்பு வேகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே புது நிறுவலுக்கு வெறும் கைச்சுவிட்ச் ஏற்கப்படுமா என்று பெர்மிட் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய ஒற்றை வேக டைமர் ஒன்று சுவரில் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டு ஹாட்டையும் அறுக்கும் ரகமாக இருந்தால் அதை டிஸ்கனெக்டுக்கும் வேகச் சுவிட்சுக்கும் நடுவே விட்டுவிடுங்கள். நேரத்தை அது பார்த்துக்கொள்ளும், வேகத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். வேகச் சுவிட்சை லோவில் விட்டுவிட்டால் தினமும் லோவில் ஓடும். குளோரினேட்டர் கிளையும் டைமருக்குப் பின்னால் வருவதால் தானாகவே சேர்ந்து நின்றுவிடும். ஆனால் தினமும் லோவிலேயே கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால், செக் வால்வு இல்லாத குளத்தில் இதைச் செய்யாதீர்கள்.